மேமியோ: இன்னொரு மலையின் ஆஸ்பத்திரி

சேர்வராயன் அடிவாரம் – 19

ஏரியும் காடும் சேர்ந்து ஏற்காடு ஆயிற்று. மேமியோ பெயர் பெற்ற விதம் வேறு. வங்காளக் காலாட்படையைச் சேர்ந்த மே என்ற கர்னல், பர்மாவை வெள்ளைக்காரர்கள் பிடித்த கையோடு அங்கே ஒரு மலைமேல் முகாம் போட்டிருந்தார். பர்மிய மொழியில் ‘மியோ’ என்றால் ஊர். மேயின் ஊர் மேமியோ ஆனது.

இரண்டு மலைக்கும் ஒரே முகஜாடை. அடிவாரத்தில் கொதிக்கிற சமவெளி நகரம்: இங்கே சேலம், அங்கே மாண்டலே. வெயில் தாங்காமல் மேலே ஏறிவந்த துரைமார்கள் கட்டிய ஓட்டு வீடுகள், சர்ச்சுகள், கான்வென்ட் பள்ளிகள். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். மேமியோ கொஞ்சம் தாழ்வு, 1,000 மீட்டருக்குச் சற்று மேல். பிரிட்டிஷ் பர்மாவின் கோடைத் தலைநகரம் அது. இன்றைக்கு அதன் பெயர் பின் ஊ ல்வின். பர்மியக் காப்பிக்கு இன்றும் அந்த வட்டாரம்தான் பேர்போனது.

இதுவரை இந்தத் தொடர் ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையை விட்டு அதிகம் விலகியதில்லை. இந்த வாரம் இறங்கி, கடல் தாண்டி, மேமியோ ஏறப்போகிறோம். 1944ஆம் ஆண்டு மழைக்காலத்தில் அங்கே ஒரு படை ஆஸ்பத்திரி நடந்தது. இம்பால் போர்முனையில் பிரிட்டிஷாரை எதிர்த்து அடிபட்டும் காய்ச்சலில் விழுந்தும் வந்த, சுபாஷ் சந்திர போஸின் இந்திய தேசிய ராணுவத்துச் சிப்பாய்கள் அங்கே கிடந்தார்கள். அவர்களுடைய புண்ணைக் கழுவிக் கட்டுப் போட்ட பெண்களில் பலர் தமிழச்சிகள். மலாயா ரப்பர்த் தோட்டங்களிலிருந்து வந்தவர்கள்.

சேலத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? கங்காணியிலிருந்து தொடங்க வேண்டும்.

1820களில் காக்பர்ன் கலெக்டர் ஏற்காட்டில் காப்பி நட்டார் என்று முன்பே எழுதியிருக்கிறேன். காப்பித் தோட்டம் வந்தால் ஆள் வேண்டும். ஆள் பிடிக்க ஒருவன் வேண்டும். முன்பணம் கொடுத்து, ஊரிலும் உறவிலும் ஆள் சேர்த்து, அவர்களைக் கூட்டிவந்து, வேலையையும் அவனே மேய்ப்பான். அவன்தான் கங்காணி. இதே ஏற்பாடு இலங்கைத் தோட்டங்களிலும் இருந்தது, மலாயா ரப்பருக்கும் போயிற்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவுக்கு அதிகமாக ஆள் போன ஜில்லாக்களைச் சொன்னால் திருச்சி, தஞ்சாவூர், வடஆற்காடு, தென்னாற்காடு, அவற்றோடு சேலமும் வரும். மழை பொய்த்த வருஷம் சேலம் பக்கத்து மானாவாரிக் குடும்பத்துக்கு இரண்டு வழி தெரியும். ஒன்று, மலை ஏறிக் காப்பிப் பழம் பறிப்பது. இன்னொன்று, ரயிலேறி நாகப்பட்டினம் போய்க் கப்பலில் பினாங்கு சேர்வது. 1926இல் கட்டப்பட்ட ரஜூலா கப்பலின் பெயரை நம் பக்கத்து வயசாளிகள் சொந்தக்காரர் பெயரைச் சொல்வதுபோலச் சொல்வார்கள். மேல்தட்டில் பாய் விரித்து, சாமான் மூட்டையைத் தலைக்கு வைத்துப் படுத்துப் போன தலைமுறை அது.

1938 ஜூனில் இந்திய அரசாங்கம் மலாயாவுக்குக் கூலியாட்களை அனுப்புவதை நிறுத்திவிட்டது. ஏற்கெனவே போனவர்கள் போனவர்கள்தான். போர் மூண்டபோது மலாயாவில் சுமார் ஏழு லட்சம் இந்தியர் இருந்தார்கள், பெரும்பாலோர் தமிழர்.

ஜப்பான்காரன் 1941 டிசம்பர் 8ஆம் தேதி கோத்தபாருவில் இறங்கினான். 1942 பிப்ரவரி 15ஆம் தேதி சிங்கப்பூர் விழுந்தது. அன்றோடு தபால் அறுந்தது, மணியார்டரும் நின்றது. சேலத்து மண்ணில் ஒரு தாய் வருஷக்கணக்கில் மகன் பிழைத்திருக்கிறானா, மருமகள் என்ன ஆனாள், பேரக்குழந்தை முகம் எப்படி என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தாள். போரில் அடிபடுகிற குடும்பம் என்றால் போர்முனைக்குப் போனவன் குடும்பம் மட்டும் நம் நினைவுக்கு வருகிறது. மூன்றரை வருஷம் தபால்காரன் வாசலைத் தாண்டிப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்த இந்த வீடுகளுக்கும் அதில் பங்கு உண்டு.

அந்தப் பக்கம் தோட்டத்தில் நிலைமை வேறு மாதிரிக் கொடுமை. ரப்பர் வாங்க ஆளில்லை. வெள்ளைக்காரத் துரைகள் ஓடிவிட்டார்கள் அல்லது சிறையில் இருந்தார்கள். பர்மா அரிசி வரத்துக் குறைந்தது. தோட்டத்துச் சனங்கள் மரவள்ளிக்கிழங்கைத் தின்று உயிர் வளர்த்தார்கள். அந்த ஜப்பான் காலத்தைப் பற்றி மலேசியத் தமிழர் பேச ஆரம்பித்தால் முதலில் வருவது மரவள்ளிக்கிழங்குதான். நம் சேலத்துக்காரருக்கு இதில் ஒரு கொக்கி இருக்கிறது. மலாயாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வந்துகொண்டிருந்த ஜவ்வரிசி அதே போரால் நின்றுபோனது. அந்த இடத்தை நிரப்ப 1943 வாக்கில்தான் சேலத்தில் மரவள்ளியிலிருந்து ஜவ்வரிசி எடுக்கிற தொழில் பிறந்தது. ஒரே கிழங்கு. இங்கே அது ஆலை வைத்துப் பிழைக்க வழி காட்டியது. அங்கே ஆறாத பசியாக நின்றது.

பசியோடு போகவில்லை. சயாமையும் பர்மாவையும் இணைக்க ஜப்பான்காரர்கள் 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட்டார்கள். அதற்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழ் ஆண்களை நைச்சியம் பேசியும் மிரட்டியும் லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். காலராவும் மலேரியாவும் பட்டினியும் அடியுமாக அவர்களில் பெரும் பகுதி திரும்பவில்லை. லயத்து வீடுகளில் பெண்களும் குழந்தைகளும் மிஞ்சினார்கள்.

இந்த நிலத்தில்தான் சுபாஷ் சந்திர போஸ் வந்து இறங்கினார். 1943 ஜூலை 2ஆம் தேதி சிங்கப்பூர் வந்தார். ஒரு வாரத்துக்குள் திடலில் கூடிய பெருங்கூட்டத்தில், ஆண்கள் மட்டும் போதாது, பெண்கள் படையும் வேண்டும் என்றார். அதற்குத் தலைமை ஏற்றவர் சென்னைப் பெண், டாக்டர் லட்சுமி சுவாமிநாதன். 1914இல் பிறந்தவர். அப்பா சுவாமிநாதன் பேர்பெற்ற வக்கீல், அம்மா அம்மு சுவாமிநாதன் காங்கிரஸ்காரர். 1938இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். முடித்து, 1940இல் சிங்கப்பூர் போய், ஏழை இந்தியத் தொழிலாளர்களுக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தார். சிங்கப்பூர் விழுந்தபோது காயம்பட்ட கைதிகளுக்கு மருந்து போட்டவர். போஸ் அவரைப் படைத்தலைவி ஆக்கினார் என்றுதான் புத்தகங்கள் எழுதுகின்றன. அவர் முதலில் டாக்டர் என்பதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். இந்தக் கதை முழுக்க அந்த டாக்டர்தான் நடக்கிறார். துப்பாக்கி தோளில் இருந்த காலம் கொஞ்சம்.

1943 அக்டோபர் 22ஆம் தேதி சிங்கப்பூர் வாட்டர்லூ தெருவில் அந்தப் பெண்கள் படையின், அதாவது ஜான்சி ராணிப் படையின், பயிற்சி முகாம் திறந்தது. சேர்ந்த பெண்கள் ஆயிரம் பேர் அளவுக்கு இருக்கும். வக்கீல் வீட்டுப் பெண், பால்மரம் சீவிய பெண், பள்ளிக்கூட மாணவி எல்லோரும் ஒரே வரிசையில் உட்கார்ந்து ஒரே சோற்றைச் சாப்பிட்டார்கள். கோலாலம்பூரில் போஸ் பேசியதைக் கேட்டு, காதில் கிடந்த தோட்டைக் கழற்றிக் கொடுத்தாள் ஜானகி என்ற பதினெட்டு வயதுப் பெண். படையில் சேரும் படிவத்தில் தகப்பனார் கையெழுத்து வேண்டும். அவர் போடுவதாக இல்லை. லட்சுமியே அந்த வீட்டுக்குப் போய் உட்கார்ந்து பேசிச் சம்மதம் வாங்கினார். பின்னாளில் ஜானகி ஆதி நாகப்பன் என்று மலேசிய அரசியலில் பெயர் பெற்றவர் அவர்தான். கோலாலம்பூர் செந்தூலிலிருந்து சேர்ந்தவர் அஞ்சலை பொன்னுசாமி. 2022இல் 102 வயதில் மறைந்தார்.

காசு எங்கிருந்து வந்தது? கொடுத்தவர்களில் எல்லா வகையும் உண்டு. கூலிக்காரப் பெண்ணின் தாலிச்சங்கிலியும் வந்தது, ரங்கூன் வியாபாரியின் மொத்தச் சொத்தும் வந்தது. சிங்கப்பூர் டேங்க் ரோடு செட்டியார் கோயிலில் ஒரு பெரிய நன்கொடைக்காகப் போஸை அழைத்தார்கள். எல்லாச் சாதியாரும் எல்லா மதத்தாரும் உள்ளே வரலாம் என்றால்தான் வருவேன் என்றார். கதவு திறந்தது, முஸ்லிம் அதிகாரிகளோடு உள்ளே போனார். அங்கே சேர்ந்த பணம் துப்பாக்கிக்குப் போயிற்றா, மருந்துக்குப் போயிற்றா என்று நாம் பிரிக்க வேண்டியதில்லை. சண்டைக்குப் போகும் படை ஆஸ்பத்திரியையும் முதுகில் சுமந்துகொண்டுதான் போகிறது.

ராணிப் படைக்குள் தாதியர் பிரிவு தனியாக இருந்தது. அகமத்நகரைக் காத்த அரசியின் பெயரால் சாந்த் பீபி தாதியர் படை என்று அதை அழைத்தார்கள். ஆனால் பெண்கள் வந்தது சண்டை போட. அணிவகுப்பு, துப்பாக்கிப் பயிற்சி, மூட்டை சுமந்து நெடுந்தூர நடை எல்லாம் அவர்களுக்குக் கொடுக்கப்பட்டது. இம்பால் விழுந்ததும் இந்திய மண்ணில் முதலில் நுழையப்போகிறவர்களில் தாங்களும் இருப்போம் என்ற நினைப்போடு 1944இல் பர்மா போனார்கள். போஸ் ஏப்ரலில் தம் முன்னணித் தலைமையகத்தை மேமியோவுக்குக் கொண்டுபோனார். லட்சுமியும் ராணிகள் எனப்பட்ட அந்தப் படைப் பெண்களில் ஒரு பகுதியும் மேமியோ ஏறினார்கள்.

ஏப்ரல் 14ஆம் தேதி மணிப்பூரில் மொய்ராங்கில் கொடி ஏறியது. அதற்குப் பிறகு நல்ல சேதி வரவில்லை. வானத்தில் விமானம் முழுக்க எதிரியுடையது. இம்பால் விழவில்லை. மே மாதக் கடைசியில் மழை பிடித்தது. அந்த மலைகளில் மழை என்றால் பாதை இருந்த இடத்தில் சேறு இருக்கும். ஓடை இருந்த இடத்தில் ஆறு இருக்கும். அரிசி வண்டி வராது. ஜூலையில் பின்வாங்க உத்தரவு வந்தது. காபோ பள்ளத்தாக்கு வழியாக, சிந்துவின் ஆற்றைக் கடந்து, மோனிவா, மாண்டலே என்று எலும்பும் தோலுமாகச் சிப்பாய்கள் இறங்கிவந்தார்கள். குண்டு பட்டவர்களைவிட மலேரியாவிலும் வயிற்றுக்கடுப்பிலும் விழுந்தவர்கள் அதிகம். கொய்னா மருந்து போதவில்லை. காலில் அட்டை கடித்த இடம் புண்ணாகி, புண் அழுகி, புழு வைத்து வந்தவர்கள் இருந்தார்கள். நடக்க முடிந்தவன் நடந்தான். முடியாதவன் பாதையோரம் உட்கார்ந்தான்.

மலை ஏறி மேமியோ வரை வந்து சேர்ந்தவர்கள் ராணிகளின் கையில் விழுந்தார்கள்.

அந்தக் கைகளைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்க வேண்டும். பால்மரம் சீவுகிற பெண் விடிவதற்கு முன் எழுந்திருப்பாள், குளிர் இருக்கும்போதுதான் பால் நன்றாக ஓடும் என்பதால். ஒரு நிரையில் முந்நூறு மரத்துக்கு மேல் இருக்கும். ஒவ்வொரு மரத்திலும் நேற்றைய கோட்டுக்குக் கீழே, பட்டையை நூல் கனத்துக்குச் சாய்வாகச் சீவ வேண்டும். கத்தி ஆழம் குறைந்தால் பால் வராது. கூடிப்போய் உள்மரத்தில் பட்டால் மரம் காயப்பட்டுவிடும். அந்த இடத்தில் முடிச்சு விழுந்து பிறகு பட்டை சரியாக வளராது. துரை கண்டால் கூலியில் பிடித்தமும் வசவும். பாதி இருட்டில், தோலுக்கும் சதைக்கும் நடுவே கத்தி எங்கே நிற்க வேண்டும் என்று விரலுக்குத் தெரிந்த பெண்கள் அவர்கள். செத்த தோலைச் சீவி, சீழைத் துடைத்து, நல்ல சதையைத் தொடாமல் புண்ணைச் சுத்தம் செய்யும் வேலைக்கு இதைவிடப் பெரிய பயிற்சி எந்த நர்சிங் பள்ளியில் கிடைத்திருக்கும்? இது என் எண்ணம்தான். ஆனால் இந்தப் பெண்களைப் ‘படிக்காத கூலிப் பெண்கள்’ என்று ஒரு வரியில் தாண்டிப்போகும் புத்தகங்களைப் படிக்கும்போதெல்லாம் இந்தக் கத்தி என் கண்ணில் நிற்கிறது.

இன்னொன்றும் நினைத்துப் பார்க்கிறேன். ஏற்காட்டில் ஒரு ஆடி மாதம் முழுக்க இருந்தவர்களுக்கு ஈரத்துணி காய்வது எவ்வளவு பாடு என்று தெரியும். கொடியில் மூன்று நாள் கிடந்தாலும் மடிப்பில் ஈரம் இருக்கும், பூஞ்சை வாடை அடிக்கும். மருந்தும் பஞ்சும் தட்டுப்பாடான ஆஸ்பத்திரியில், அதே மழையில், அதே மாதிரி மலைமேல், கட்டுத் துணிக்கு என்ன செய்திருப்பார்கள்? அடுப்படியில் காயவைத்து, கையால் நீவி, மறுநாளைக்குச் சுருட்டிவைப்பது எவ்வளவு பெரிய வேலை. மெடலுக்கு உரிய செயல் பட்டியலில் இது எந்த நாட்டிலும் வந்ததில்லை.

அடிபட்டு வந்தவர்களில் பஞ்சாபியர், பட்டாணியர், மராட்டியர், கூர்க்கர், நம்மவர் எல்லோரும் உண்டு. ராணிகளில் பலருக்குத் தமிழும் முகாமில் கற்ற கொஞ்சம் இந்துஸ்தானியும்தான் தெரியும். காய்ச்சல் வேகத்தில் தாயைக் கூப்பிடுகிறவனுக்கு மொழி தேவைப்படாது. ஊருக்கு ஒரு வரி எழுதிப் போடச் சொல்லிக் கேட்டால் அதற்குத்தான் வழியில்லை. ஜப்பான் கையிலிருந்த பர்மாவிலிருந்து இந்தியாவுக்கு எந்தத் தபால் போகும்? காயம் ஆறினாலும் ஆறாவிட்டாலும் வீட்டுக்குச் சேதி கிடையாது.

அதே 1944இல் எதிர்ப்பக்கம் என்ன நடந்தது என்பதையும் சொல்லாமல் விட்டால் நியாயம் ஆகாது. பர்மா முனையில் பிரிட்டிஷ் படையில் சென்னை சாப்பர்கள் என்ற பொறியாளர் படையினர் பாலம் கட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தப் படையிலும் நம் ஜில்லாக்களின் பிள்ளைகள்தான். அவர்களில் கால் போனவனுக்கு, கை போனவனுக்குப் பூனாவில் செயற்கை உறுப்பு மையம் அதே ஆண்டு திறந்தது. முதல் உலகப்போரின்போது, 1917இல், ஊனமுற்ற சிப்பாய்களுக்குத் தொழில் கற்றுக்கொடுக்கத் தொடங்கிய குயின் மேரி தொழில்நுட்ப நிலையம் கிர்க்கியில் ஏற்கெனவே இருந்தது. சம்பளம், ஊனமுற்றோர் பென்ஷன், விதவைக்குக் குடும்பப் பென்ஷன் என்று எழுதிவைத்த விதி இருந்தது. இம்பாலில் இந்திய ராணுவத்தாருக்குப் போர்க் கல்லறைத் தோட்டம் இருக்கிறது, பெயர் பொறித்திருக்கிறது. ஒரே மலை, ஒரே மழை, ஒரே கொசு. ஒருவனுக்குப் பின்னால் ஒரு சாம்ராஜ்யத்தின் கணக்குப் புத்தகம் இருந்தது. மற்றவனுக்குப் பின்னால் சாந்த் பீபி படையின் சில பெண்கள் இருந்தார்கள்.

ரங்கூனில் இருந்த படை ஆஸ்பத்திரி 1945 பிப்ரவரியில் குண்டுவீச்சுக்கு இரையானது. படுக்கையில் கிடந்த நோயாளிகள் பலர் மாண்டார்கள். ஏப்ரல் 24ஆம் தேதி போஸ் ரங்கூனை விட்டுப் புறப்பட்டார். ராணிகளைப் பத்திரமாக அனுப்பாமல் நான் போகமாட்டேன் என்று பிடிவாதம் செய்து, அவர்களோடு சேர்ந்து சேற்றிலும் ஆற்றிலும் நடந்தார். இன்னொரு கூட்டம் ராணிகள் போன ரயிலைக் கொரில்லாக்கள் தாக்கினார்கள். ஸ்டெல்லா, ஜோசபின் என்ற இரண்டு பெண்கள் அதில் உயிரை விட்டார்கள்.

ரங்கூனில் எஞ்சியிருந்த சுமார் 5,000 வீரர்களுக்கும் நோயாளிகளுக்கும் யாரைப் பொறுப்பாக விட்டுப்போவது? போஸ் தேர்ந்தெடுத்தவர் மேஜர் ஜெனரல் ஆற்காடு துரைசாமி லோகநாதன். அவரும் டாக்டர். 1888இல் பிறந்த தமிழர். இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து முதல் உலகப்போரிலேயே காயம்பட்டவர்களைப் பார்த்தவர். 1944இல் அந்தமானுக்குப் போஸின் ஆசாத் ஹிந்த் அரசாங்கத்தின் கமிஷனராகப் போய், ஜப்பான்காரர்கள் அதிகாரம் எதையும் கையில் தராத கசப்போடு திரும்பியவர். ஜப்பான் படை போய்விட்டது, பிரிட்டிஷ் படை இன்னும் வரவில்லை என்ற அந்த இடைநாட்களில் ரங்கூனில் கொள்ளையும் கொலையும் நடக்காமல் காவல் காத்தது லோகநாதனின் ஆட்கள். பிறகு அவர் முறைப்படி சரணடைந்தார். தோற்ற படையின் கடைசிப் பொறுப்பை ஒரு வயதான டாக்டர் ஏற்றுக்கொண்டார் என்ற இந்தச் செய்தி நம் பள்ளிப் பாடத்தில் ஒரு வரியாவது வந்திருக்க வேண்டும். அவர் 1949இல் காலமானார்.

லட்சுமி பின்வாங்கிய வரிசையில் போகவில்லை. மேல் பர்மாவின் மலைகளில் நோயாளிகளோடு தங்கிவிட்டார். 1945இல் அங்கேயே பிடிபட்டார். ரங்கூனுக்குக் கொண்டுவந்து கண்காணிப்பில் வைத்தார்கள். அங்கேயும் வைத்தியம் பார்த்தார். 1946 மார்ச்சில் இந்தியாவுக்கு அனுப்பினார்கள்.

போர் முடிந்தபிறகு நடந்ததுதான் எனக்கு அதிகம் மனசை அறுக்கிறது.

தில்லி செங்கோட்டையில் நடந்த வழக்கு எல்லோருக்கும் தெரியும். இந்திய தேசிய ராணுவ அதிகாரிகள் ஷாநவாஸ், சாகல், தில்லான் மூவருக்கும் விதித்த நாடு கடத்தல் தண்டனையை மக்கள் கொந்தளிப்புக்குப் பயந்து ரத்து செய்தார்கள். வேலை நீக்கமும் சம்பளப் பாக்கி பறிமுதலும் அப்படியே நின்றன. சிறைக்கதவு திறந்தது, சோற்றுக்கு வழி திறக்கவில்லை. இந்தியாவில் காங்கிரஸ் நிவாரணக் குழு அமைத்து வசூல் செய்தது. சுதந்திரம் வந்தபிறகும் அவர்களை ராணுவத்தில் திரும்பச் சேர்க்கவில்லை.

மலாயாவிலிருந்து சேர்ந்த தோட்டத்து ஆண்களும் பெண்களும் சிப்பாயாக இருந்து வந்தவர்கள் இல்லை; அவர்களுக்குச் சம்பளப் பாக்கி என்ற பேச்சே கிடையாது. திரும்பிப் போய்ச் சேர்ந்தது அதே லயத்து வீட்டுக்கு. புருஷன் சயாம் ரயில் பாதையில் செத்திருப்பான், பிள்ளை மரவள்ளிக்கிழங்கில் ஊதியிருக்கும். மறுபடி விடியலில் கத்தியோடு மரத்தடி. 1946 மார்ச்சில் நேரு சிங்கப்பூரும் மலாயாவும் போய்ப் பார்த்தார். அதையொட்டி காங்கிரஸ் மருத்துவக் குழு ஒன்று மலாயா போனது. ஜானகி அதில் சேர்ந்து தோட்டம் தோட்டமாகப் போனார். மேமியோவில் சிப்பாய்க்குச் செய்ததை இப்போது சிப்பாயின் வீட்டாருக்கும் ரயில்பாதையில் மாண்டவன் பிள்ளைகளுக்கும் செய்தார் என்றுதான் நான் அதை வாசிக்கிறேன். சுவாமி சத்தியானந்தா 1949இல் கோலாலம்பூரில் தொடங்கிய சுத்த சமாஜம், போரில் அநாதையான பிள்ளைகளுக்கு வீடானது. அன்னை மங்களம் தம் வாழ்நாளை அங்கே கழித்தார்.

ரஜூலா மறுபடி நாகப்பட்டினம் வந்தது. திரும்பி வந்தவர்கள் இறங்கினார்கள். வராதவர்களைப் பற்றி அவர்களிடம்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். எந்தத் தோட்டம், எந்தக் கங்காணி, கடைசியாக எப்போது பார்த்தாய் என்று ஊர் ஊராக விசாரித்து, சிலர் பன்னிரண்டு வருஷம் பார்த்துவிட்டுத் தலைமுழுகினார்கள். சிலர் அதுவும் செய்யவில்லை.

பென்ஷன் வந்தது, தாமதமாக. மாநில அரசு 1966இல் தியாகிகளுக்கு ஓய்வூதியம் கொடுக்கத் தொடங்கியது. மத்திய அரசின் திட்டம் 1972 ஆகஸ்ட் 15இல், வெள்ளி விழாவையொட்டி வந்தது, இந்திய தேசிய ராணுவத்தாரும் அதில் அடக்கம். நல்ல காரியம், பல கிழவர்களுக்கு அதுதான் கடைசிக் காலத்துக் கஞ்சி. ஆனால் விதியைப் பாருங்கள். குறைந்தது ஆறு மாதம் சிறையில் இருந்திருக்க வேண்டும். பெண்களுக்கும் தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கும் மூன்று மாதம். அதற்குச் சிறைச் சான்று வேண்டும், இல்லாவிட்டால் கூடச் சிறையிலிருந்தவர் கொடுக்கும் சான்று வேண்டும். தியாகத்தைச் சிறை நாளால் அளக்கும் கோல் அது. உள்நாட்டுச் சத்தியாக்கிரகிக்கு அது பொருந்தும். ரங்கூன் விழுவதற்குள் படை கலைந்து, சிறையைப் பார்க்காமல் நடந்தே ஊர் திரும்பியவருக்கு? புண் கழுவியதற்கு எந்த ஜெயிலர் கையெழுத்துப் போடுவார்? மேமியோவில் கட்டுப் போட்டுக்கொண்டவன்தான் சாட்சி. அவன் ரோத்தக்கிலோ ராவல்பிண்டியிலோ இருப்பான், அல்லது காபோ பள்ளத்தாக்கில் இருப்பான்.

ஏற்காட்டில் லேடீஸ் சீட் என்ற மலைமுனையில் உட்கார்ந்து இருட்டிய பிறகு கீழே பார்த்தால் சேலம் விளக்கு விளக்காகத் தெரியும். சுற்றுலா வருகிறவர்கள் படம் எடுத்துக்கொண்டு போவார்கள். அந்த விளக்குகளுக்கு அப்பால், ஆத்தூர்ப் பக்கமும் ராசிபுரம் பக்கமும், மலாயாக்காரர் வீடு, ரங்கூன்காரர் வீடு என்று இன்னும் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிற வீடுகள் உண்டு. உங்கள் ஊரில் அப்படி ஒரு வீடு இருந்தால், அந்த வீட்டுப் பாட்டியிடம் ஜப்பான் காலத்தைப் பற்றி ஒருதரம் கேளுங்கள். மரவள்ளிக்கிழங்கில் ஆரம்பிப்பார்.

லட்சுமி 1947 மார்ச்சில், செங்கோட்டையில் நின்ற பிரேம் சாகலை மணந்து கான்பூரில் குடியேறினார். பிரிவினையில் ஓடிவந்த அகதிகளுக்கு வைத்தியம் பார்த்தார். 1971இல் வங்கதேச அகதிகளுக்காக எல்லை முகாமுக்குப் போனார். 2002இல் குடியரசுத் தலைவர் பதவிக்கு நின்று தோற்றார். தொண்ணூறு வயது தாண்டியும் கான்பூர் மருத்துவமனையில் காலையில் போய் உட்கார்ந்து ஏழைப் பெண்களுக்கு மருந்து எழுதிக்கொடுத்தார். 2012 ஜூலை 23ஆம் தேதி, 97ஆம் வயதில் காலமானபோது, அவர் விருப்பப்படி உடலைச் சுடுகாட்டுக்கு எடுத்துப்போகவில்லை. மாணவர்கள் அறுத்துப் படிக்கட்டும் என்று கான்பூர் மருத்துவக் கல்லூரிக்குக் கொடுத்தார்கள்.

(தொடரும்)